வாய் திறக்காமலே வாங்கும் மதிப்பெண்

பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் ஒரு சின்ன வரைபடம் வரும். நாலு தெரு, ஒரு பேருந்து நிலையம், ஒரு வங்கி, ஒரு மருத்துவமனை. ஊருக்குப் புதிதாக வந்தவர் வழி கேட்கிறார், அவருக்கு வழி சொல்ல வேண்டும். மதிப்பெண் இரண்டு. தமிழ்நாட்டின் எந்த மூலையில் படிக்கும் பிள்ளையும் இந்தக் கேள்வியை விடாது. நேராகப் போங்கள், இரண்டாவது தெருவில் இடப்பக்கம் திரும்புங்கள், வங்கியைத் தாண்டினால் வலது கைப்பக்கம் மருத்துவமனை என்று அடித்தல் திருத்தல் இல்லாத ஆங்கிலத்தில் எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கிவிடும்.

அதே பிள்ளை மாமல்லபுரம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதுகில் பை மாட்டிய வெளிநாட்டுப் பயணி ஒருவர் வந்து, கடற்கரைக் கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார். பிள்ளைக்கு வழி தெரியும். அதைச் சொல்லும் வாக்கியமும் தெரியும். மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு என்று எத்தனையோ முறை எழுதியாயிற்று. ஆனாலும் நாக்கு எழாது. கையை நீட்டிக் காட்டும், சிரிக்கும், பக்கத்தில் நிற்கும் நண்பனை முன்னே தள்ளிவிடும்.

பெரியவர்கள் இதைக் கூச்சம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பத்து ஆண்டுகள் கையால் மட்டுமே பழகிய ஒரு மொழி, வாயால் கேட்டவுடன் எப்படி வரும்?

2024 மே 10 அன்று வெளியான பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளை எடுத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 9 லட்சம் பேர் எழுதினார்கள். ஐந்து பாடங்களில் தேர்ச்சி விகிதம் அதிகம் எதில்? ஆங்கிலத்தில்தான்: 99.15 சதவீதம். தமிழில் 96.85. நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் தமிழில் 8 பேர், ஆங்கிலத்தில் 415 பேர். இந்தப் பட்டியலை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரர், தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் தாய்மொழி ஆங்கிலம் என்றே முடிவு கட்டுவார்.

இதன் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை நேரில் சந்தித்து 2023இல் எடுக்கப்பட்ட அசர் என்னும் கல்வி நிலை ஆய்வில், எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அவர்களிலும் படித்ததற்குப் பொருள் சொன்னவர்கள் 73.5 சதவீதம். இரண்டையும் பெருக்கினால், படிக்கவும் பொருள் சொல்லவும் தெரிந்தவர்கள் நூறில் 42 பேர். அது பல மாநிலங்களைச் சேர்த்த கணக்கு, தமிழ்நாட்டின் நிலை அப்படியே அதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வாளர் வாக்கியத்தைக் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லும்போது கிடைக்கும் விடைக்கும், விடைத்தாள் தரும் விடைக்கும் எவ்வளவு தூரம் என்பதை அது காட்டுகிறது.

அந்த 99.15 எப்படி வருகிறது என்பது தமிழ்நாட்டு ஆங்கில ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். நூறு மதிப்பெண் தாள், மூன்று மணி நேரம், வினாத்தாளைப் படிக்கத் தனியாகச் சில நிமிடங்கள், தேர்ச்சிக்கு 35. மனப்பாடப் பாடல் ஐந்து வரிக்கு 5 மதிப்பெண். துணைப்பாடக் கதையின் வாக்கியங்களை வரிசைப்படுத்தினால் 5. விளம்பரத்துக்கு ஒரு கட்டம் போட்டு, கேள்வியில் உள்ள சொற்களையே அழகாக உள்ளே எழுதினால் அதற்கும் மதிப்பெண் விழும். கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், நாள், இடம், முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்ற சட்டகம் சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு படத்தைக் கொடுத்து, பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லும் கேள்விக்கும் ஆயத்த விடை இருக்கிறது. 'திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்' என்று மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். படத்தில் மரம் இருந்தாலும் அதுதான், மரத்தில் மோதிய லாரி இருந்தாலும் அதுதான்.

கண்ணால் ஒரு படத்தைப் பார்த்துத் தோன்றியதைச் சொல்வதற்காக வைத்த கேள்வி அது. படத்தைப் பார்க்காமலே எழுதும் விடையாக அது மாறிப்போனதில் ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது, ஆனால் நியாயம் ஆகாது. பள்ளியின் தேர்ச்சி விகிதம் ஆய்வுக்கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது. ஒரு பிள்ளை தோற்றால் ஏன் என்று கேட்கிறார்கள். தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு ஒரு வாக்கியம் பேச வருமா என்று எந்தக் கூட்டத்திலும் கேட்பதில்லை. ஜனவரிக்குப் பிறகு மாலை வகுப்பில் முப்பது பிள்ளைகளை 35 மதிப்பெண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கப் பாடுபடும் ஆசிரியரிடம் போய், பேச்சுப் பயிற்சி என்ன ஆயிற்று என்று கேட்க யாருக்கும் மனம் வராது.

கேட்க வேண்டிய இடம் தேர்வுத் திட்டம்தான். வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு திறன்களைப் பாடத்திட்டம் சொல்கிறது. பாடப்புத்தகத்தில் கேட்டல் பயிற்சியும் இருக்கிறது, பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூறு மதிப்பெண்ணும் எழுத்துக்கே. வினாத்தாளில் இடம் இல்லாத பக்கங்கள் வகுப்பறையில் புரட்டப்படுவதில்லை. பல பள்ளிகளில் ஒரு பிள்ளை நாள் முழுவதும் வாய்விட்டுப் பேசும் ஆங்கிலம், ஆசிரியர் உள்ளே வரும்போது எல்லோரும் சேர்ந்து இழுத்துச் சொல்லும் 'குட் மார்னிங் மிஸ்' ஒன்றுதான்.

அந்தப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முதல் உரைநடைப் பாடமே பறக்கப் பயப்படும் ஒரு கடற்காக்கைக் குஞ்சின் கதை. ஐரிஷ் எழுத்தாளர் லியம் ஓ ஃபிளாஹர்ட்டி எழுதியது. உடன்பிறந்தவை எல்லாம் பறந்துபோக, இது மட்டும் பாறை விளிம்பில் தனியாக நிற்கிறது. சிறகு தாங்காது என்று பயம். கடைசியில் தாய்ப்பறவை ஒரு மீன் துண்டை அலகில் கவ்விக்கொண்டு பக்கத்தில் வந்து, கொடுக்காமல் நிற்கிறது. பசி பொறுக்காமல் குஞ்சு பாய்கிறது, விழுகிறது, விழும்போதே சிறகு விரிகிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் இந்தக் கதையை ஐந்து மதிப்பெண் பத்தியாக மனப்பாடம் செய்கிறார்கள். குஞ்சு எப்படிப் பறந்தது என்று ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த பிள்ளையைப் பாறை விளிம்பிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, பறத்தலைப் பற்றிய வினாவுக்கு மதிப்பெண் போடுகிறோம்.

பேச்சைத் தேர்வில் அளக்க முடியாது, அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய பதில் இருக்கிறது. 1913இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குழு, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்காக ஒரு திறன் தேர்வைத் தொடங்கியது. மொத்தம் 12 மணி நேரம். மொழிபெயர்ப்பு, கட்டுரை, இலக்கியம், ஒலியியல் எல்லாம் எழுத்தில். அந்த 12 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் வாய்மொழித் தேர்வு: சொல்லச் சொல்ல எழுதுதல், உரக்கப் படித்தல், உரையாடல். முதல் ஆண்டில் மூன்றே பேர் எழுதினார்கள், மூன்று பேரும் தோற்றார்கள். அவ்வளவு கடினமான தேர்வு யாருக்கும் வேண்டாம். ஆனால் ஒரு மொழியைச் சோதிக்க வேண்டுமென்றால் அந்த மொழியில் பேசச் சொல்ல வேண்டும் என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவ்வளவு பின்னால் போகவும் தேவையில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள மலேசியாவில், அங்கே படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளும் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதுகிறார்கள். 2021 முதல் அதன் ஆங்கிலப் பாடத்துக்கு நான்கு தாள்கள்: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். நான்குக்கும் சம மதிப்பு. பேச்சுத் தேர்வுக்குப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உள்ளே போகிறார்கள். முதலில் தன்னைப் பற்றி நாலு வார்த்தை. பிறகு கொடுத்த தலைப்பில் ஆளுக்குச் சிறிது நேரம் தனியாகப் பேச வேண்டும். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கலந்து பேசி முடிவு சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டின் நுட்பம் அந்த ஜோடியில் இருக்கிறது. எதிரே இருப்பவன் தன் வகுப்புத் தோழன். தேர்வாளரைப் பார்த்து நடுங்கும் பிள்ளை, தோழனைப் பார்த்துப் பேசிவிடும்.

சிங்கப்பூரில் இன்னும் சின்ன வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், 2025 முதல் ஆங்கில மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கு வாய்மொழிக்கு. ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு ஒரு புகைப்படத்தைக் காட்டுவார்கள், அதைப் பற்றித் தேர்வாளரோடு பேச வேண்டும். கவனியுங்கள், அங்கேயும் படம்தான். நம் வினாத்தாளில் 'பியூட்டிஃபுல் பிக்சர்' என்று எழுதவைக்கும் அதே வகைக் கேள்வி. பேச்சில் கேட்கும்போது ஆயத்த விடை செல்லாது. எந்த இடம் அழகு, ஏன் பிடித்திருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும்.

நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத்தான் பேச்சுத் தேர்வு லாபம், கிராமத்துப் பிள்ளை அடிபட்டுப்போகும் என்பது இன்னொரு வாதம். இது அக்கறையில் பிறந்த வாதம், அதனால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குப் பள்ளி சொல்லிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஆங்கிலம் வந்துவிடும். பள்ளியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்குப் பள்ளி சொல்லிக் கொடுக்காவிட்டால் வேறு வழியே கிடையாது. பதினைந்து வயதில் பேச்சுத் தேர்வு வைக்காததால் அந்தப் பிள்ளை தப்பித்துவிடவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில், பொறியியல் கல்லூரி வளாகத் தேர்வில், மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்று கேட்கிறார்கள். அன்றைக்குத்தான் அது முதல் பேச்சுத் தேர்வை எழுதுகிறது. அதற்கு மாதிரி வினாத்தாள் கிடையாது, துணைத்தேர்வும் கிடையாது. கணினி மொழிகளில் கெட்டிக்காரனாக இருந்தும் அந்த ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளைப் பெற்ற வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

சரி, தேர்வுத் திட்டம் மாறும்போது மாறட்டும். இந்த ஆண்டு எழுதப்போகிற பிள்ளை என்ன செய்யும்?

முதலில் ஒரு கெட்ட பழக்கத்தை விட வேண்டும். ஆங்கில வரிகளுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்வது பல பிள்ளைகளின் வழக்கம். 'பேக்' என்று மேலே எழுதினால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுமனையில் சுடுவதா? ஆங்கிலத்தில் நான்குக்கும் வேறு வேறு ஒலி, வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதியவுடன் நான்கும் ஒன்றாகிவிடும். பிள்ளை அந்த ஒரே ஒலியைத்தான் மனத்தில் வாங்குகிறது, தேர்வறையில் அதிலிருந்து எழுத்துக்கூட்டப் பார்க்கும்போது வழுக்கி விழுகிறது.

அதற்காகத் தமிழைத் தூரத் தள்ள வேண்டும் என்று பொருள் இல்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று சட்டம் போடும் பள்ளிகள், கையில் இருக்கும் ஏணியை எட்டி உதைக்கின்றன. தமிழ் இலக்கணம் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியர், ஆங்கிலத்தை மற்றவர்களைவிட எளிதாகச் சொல்லித் தர முடியும். தமிழில் க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்கள் சொல்லின் கடைசியில் வருவதில்லை. கொக்கு, பட்டு, உப்பு என்று ஒரு குற்றியலுகரம் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு 'புக்' புக்கு ஆகிறது, 'பஸ்' பஸ்ஸு ஆகிறது. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை என்பதால் ராமன் இராமன் ஆனான். அதே பழக்கத்தில் 'ஸ்கூல்' இஸ்கூல் ஆகிறது. இதை நாகரிகம் தெரியாததாக நினைத்துச் சிரிக்கும் வகுப்பில் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இது உன் மொழியின் விதி, அந்த மொழிக்கு வேறு விதி என்று சொல்லிக் கொடுத்தால் பத்து நாளில் திருத்திக்கொள்ளும்.

ஓர், ஒரு பார்க்கலாம். உயிரெழுத்துக்கு முன் ஓர், உயிர்மெய்க்கு முன் ஒரு: ஓர் ஊர், ஒரு வீடு. ஆங்கிலத்தின் 'ஆன்', 'எ' இரண்டுக்கும் ஏறக்குறைய இதே விதி. 'அவர்' என்ற மணி நேரத்துக்கு ஆங்கில எழுத்தில் முதலில் 'எச்' இருந்தும் ஏன் 'ஆன்' போடுகிறோம், 'யூனிவர்சிட்டி'க்கு உயிரெழுத்தில் தொடங்கியும் ஏன் 'எ' போடுகிறோம் என்று பிள்ளைகள் ஆண்டுதோறும் குழம்புகிறார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் விடை கண்முன் நிற்கும். அவர் என்பது அகரத்தில் தொடங்குகிறது. யூனிவர்சிட்டி யகர வரிசையில் தொடங்குகிறது. தமிழ் எழுத்து ஒலியைக் காட்டுவதால் இந்த ஓர் இடத்தில் அது ஆங்கில எழுத்தைவிடத் தெளிவு.

'தி' எங்கே போடுவது என்பது இதைவிடப் பெரிய சிக்கல், தமிழில் அப்படி ஒரு சொல்லே இல்லை. ஆனால் அந்தக் கருத்து தமிழில் இருக்கிறது. 'பழம் சாப்பிட்டான்' என்றால் ஏதோ ஒரு பழம். 'பழத்தைச் சாப்பிட்டான்' என்றால் நமக்கு முன்பே தெரிந்த அந்தப் பழம். இரண்டாம் வேற்றுமை உருபு வந்து அமரும் பல இடங்களில் ஆங்கிலத்தில் 'தி' வரும். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தொடக்கப் பிடிமானமாக இது போதும். அயற்கூற்றும் அப்படித்தான். 'நாளை வருவேன் என்று சொன்னான்' என்று தமிழ் அவன் சொன்னதை அப்படியே காப்பாற்றி, 'என்று' போட்டு முடித்துவிடுகிறது. ஆங்கிலம் அந்த 'வருவேன்' என்பதில் உள்ள 'நான்' ஆசாமியை 'அவன்' ஆக்கி, நாளையை 'மறுநாள்' ஆக்கி, காலத்தையும் பின்னுக்குத் தள்ளுகிறது. ஏன் மாற்ற வேண்டும் என்று பிள்ளைக்குத் தோன்றுவது இயல்பு. அந்தக் கேள்வியை மதித்து, தமிழ் இப்படி, ஆங்கிலம் அப்படி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு, அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடும்.

வாசிப்புக்கு வருவோம். 'ஹிந்து பேப்பர் படி, இங்கிலீஷ் தானாக வரும்' என்று மூன்று தலைமுறையாகத் தமிழ்நாட்டு வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது வந்தவர்களுக்கு வந்தது. தலையங்கத்தைக் கையில் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் பத்தியிலேயே களைத்துவிடும். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்குவதுதான் சரி. நேற்று இரவு பார்த்த ஆட்டம், யார் எப்படி அவுட் ஆனார் என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்த செய்தியைத் தெரியாத மொழியில் படிக்கும்போது பாதிப் பொருளைச் செய்தியே சொல்லிவிடும். நோ பால், ரன் அவுட், பவர் பிளே என்று பாதிச் சொற்களும் ஏற்கெனவே அதன் வாயில் இருக்கின்றன. படித்ததை வீட்டில் யாருக்காவது ஆங்கிலத்தில் மூன்று வாக்கியமாகச் சொல்லிக் காட்டட்டும். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அம்மா அடுப்படியில் நின்றபடி 'ம்' கொட்டினால் போதும், பிள்ளையின் காது தன் குரலைத் தானே கேட்டுப் பழகும்.

உரக்கப் படிப்பதை மட்டும் விடவே கூடாது. தமிழ் எழுத்து எழுதியபடி ஒலிக்கும். எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் சொல்லைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைச் சுமக்கின்றன. 'கட்' என்றும் 'புட்' என்றும் ஒரே எழுத்து இரண்டு விதமாக ஒலிக்கும், 'நைஃப்' முன்னால் 'கே' சும்மா நிற்கும். கண்ணால் மட்டும் படித்த பிள்ளைக்கு இவை கடைசி வரை ஊமை எழுத்துகளாகவே இருக்கும். மனப்பாடப் பாடல் ஐந்து வரிக்காக எத்தனை முறை எழுதிப் பார்க்கிறார்களோ, அதில் பாதி முறை உரக்கச் சொல்லிப் பார்த்தால் பாட்டும் நிற்கும், உச்சரிப்பும் தேறும்.

எழுத்துப் பயிற்சியில் இன்று பெரிதும் குறைவது வாசகர். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்கு எத்தனை லட்சம் கடிதங்கள் ஆண்டுதோறும் தமிழ்நாட்டு நோட்டுப்புத்தகங்களில் எழுதப்படுகின்றன! ஒன்றாவது உண்மையான ஆணையருக்குப் போகிறதா? அஞ்சலட்டை இன்னமும் 50 காசுதான். வகுப்பில் ஒரு பிள்ளையின் தெருவில் உண்மையிலேயே எரியாத விளக்கு ஒன்று இருக்கும். அந்தக் கம்பத்தின் எண்ணைப் பார்த்து வந்து, வகுப்பே சேர்ந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்க்கட்டும். தெருப்பெயர் சரியா, எத்தனை நாளாக எரியவில்லை, யாருக்கு அதனால் தொல்லை என்று பிள்ளைகள் யோசித்து எழுதுவார்கள். தேர்வில் வரும் ஐந்து மதிப்பெண்ணுக்கும் அந்தக் கடிதமே போதுமான பயிற்சி.

உண்மையான ஒருவருக்கு எழுதும் கடிதத்தின் வலிமைக்குக் கும்பகோணத்திலேயே சான்று உண்டு. அங்கே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இளைஞர் ஒருவர், கணக்கிலேயே மூழ்கிக் கிடந்து ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார். உதவித்தொகையும் போயிற்று. சில ஆண்டுகள் கழித்துச் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அவர், 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். 1914இல் சீனிவாச ராமானுஜன் கப்பலேறியது அந்தக் கடிதத்தால்தான். அன்றைய தேர்வு அவருடைய ஆங்கிலத்தைத் தோல்வி என்று எழுதியது. தான் யார், தன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு அந்த ஆங்கிலம் போதுமானதாகவே இருந்தது. இன்றைய நிலை தலைகீழ். நூறில் 99 பேரைத் தேர்வு வெற்றி என்று எழுதுகிறது, தான் யார் என்று சொல்லச் சொன்னால் பிள்ளை திணறுகிறது.

1968 ஜனவரி 23 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. வீட்டுக்குத் தமிழ், உலகத்துக்கு ஆங்கிலம் என்பது அதன் சாரம். அந்த முடிவு சரியான முடிவு. ஆனால் உலகத்துக்கு என்று ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்த மாநிலம், உலகத்தோடு அந்த மொழியில் பேச வைக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்றிருக்கிறது. எழுதிக்கொடுத்ததைப் பார்த்து எழுதும் ஆங்கிலம் அந்தக் கடமையை நிறைவேற்றாது.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறைத் தேர்வு 25. பொதுத்தேர்வுக்கு முன்பே பள்ளிதோறும் அது நடந்து முடிகிறது. குடுவையைப் பிடிக்கத் தெரியாமல் அறிவியல் இல்லை என்று ஒப்புக்கொண்ட கல்வித்துறைக்கு, வாய் திறக்காமல் மொழி இல்லை என்பதும் தெரியும். ஆங்கிலத்தை 80 எழுத்து, 20 பேச்சு என்று பிரிக்கலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பு இருபது ஜோடி. ஜோடிக்குப் பத்து நிமிடம் என்றால் 200 நிமிடம், அதாவது ஐந்து பாடவேளை. வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து நடத்தட்டும். எல்லோருக்கும் இருபதுக்கு இருபது போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதுதான். அறிவியல் செய்முறையிலும் அந்தக் குறை பேசப்படுகிறது, அதற்காக யாரும் ஆய்வகத்தை இழுத்துப் பூட்டச் சொல்வதில்லை. முழு மதிப்பெண் எளிதாகவே கிடைத்தாலும் பரவாயில்லை. அந்த இருபதுக்காக ஆண்டு முழுவதும் வாரம் ஒரு பாடவேளை பிள்ளைகள் வகுப்பில் எழுந்து நின்று பேசியிருப்பார்கள். கடற்காக்கைக் குஞ்சை விளிம்பிலிருந்து பாயவைத்த மீன் துண்டு எவ்வளவு பெரியது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

பள்ளிக் கல்வித்துறை அடுத்த கல்வியாண்டுக்கான தேர்வுத் திட்டத்தை வகுக்கும்போது இந்த இருபது மதிப்பெண்ணைச் சேர்க்க வேண்டும். அதுவரை, பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு வேலை செய்யலாம். பேருந்து நிலையத்திலிருந்து நம் வீட்டுக்கு எப்படி வருவது என்று ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும்போது குறுக்கே திருத்தாதீர்கள், வீட்டு வாசல் வந்து சேரும் வரை சொல்லி முடிக்கட்டும்.